பைப் புகையிலையில் அத்திப்பழ வாசனை: கற்பனையா, இலையில் இருக்கிறதா?

சாம்பல்தட்டு | ஆகஸ்ட் 2, இரவு 9:40

பைப் புகையிலை விமர்சனங்களில் 'உலர்ந்த அத்தி, கம்பு ரொட்டி, எலுமிச்சைத் தோல், கடைசியில் மிளகு' என்று வரிசையாக எழுதுகிறார்கள். அதே டின்னை வாங்கிப் பிடித்தால் எனக்குப் புகையும் கொஞ்சம் இனிப்பும்தான் தெரிகிறது. கையில் இப்போது மூன்று வகை இருக்கின்றன: விர்ஜீனியா–பெரிக் ஃபிளேக் (பெரிக் என்பது புளிக்கவைத்த இலை, ஃபிளேக் என்பது அழுத்திய கட்டியிலிருந்து சீவிய தகடு), வெனிலா போட்ட கறுப்பு கேவண்டிஷ் (ஆவியில் வைத்துக் கறுக்க வைத்தது), லடாக்கியா என்ற புகைவாசனை இலை சேர்ந்த இங்கிலிஷ் மிக்ஸ்சர். வெனிலா டின்னில் கமகமக்கிறது, பற்றவைத்தால் வெந்நீர் குடித்தது போலிருக்கிறது. அத்திப்பழமெல்லாம் எழுதுபவர்களின் கற்பனை என்றே தோன்றுகிறது. இல்லையென்றால், எப்படிப் பிடித்தால் தெரியும் என்று யாராவது சொல்லுங்கள்.

நீலப்புகை | ஆகஸ்ட் 2, இரவு 11:15

அத்தி கற்பனை இல்லை. குறை எழுதுகிற முறையில். டின்னில் முகர்ந்தது, மூக்கு வழியாகப் புகை விடும்போது தெரிந்தது, பக்கத்தில் இருப்பவருக்கு அடித்த வாசம் என்று மூன்று தனித்தனிச் சங்கதிகள் இருக்கின்றன. முக்கால்வாசிப் பேர் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கொட்டிவிடுகிறார்கள். படிப்பவர் டின்னில் இருந்த எலுமிச்சையை வாயில் தேடிக்கொண்டிருப்பார்.

எந்தக் கட்டத்தில், என்ன ஈரத்தில், எந்தப் பைப்பில் தெரிந்தது என்று சொல்லாத வாசனைக் குறிப்பால் அடுத்தவருக்குப் பயன் இல்லை. நாளை விரிவாக எழுதுகிறேன்.

நீலப்புகை | ஆகஸ்ட் 3, காலை 7:05

முதலில் உங்கள் வெனிலா.

புகையிலையில் வெளியிலிருந்து சேரும் வாசனை இரண்டு கட்டங்களில் சேர்கிறது. கேசிங் என்பது இலையை வெட்டுவதற்கு முன்னால் ஊட்டுகிற கரைசல்: சர்க்கரை, அதிமதுரம், கோகோ போன்றவை. அது இலைக்குள் இறங்கிவிடும்; பௌலின் (பைப்பில் இலை நிரப்பும் கிண்ணம்) அடிவரை புகையோடு வந்துகொண்டிருக்கும். டாப்பிங் என்பது வெட்டி உலர்த்திய பிறகு கடைசியில் தெளிப்பது: வெனிலா, ரம், பழ எசென்ஸ். இது இலையின் மேலேயே நிற்கும், லேசான சூட்டுக்கே ஆவியாகும். மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிப்பது இதுதான். தணல் அருகில் வரும்முன்பே கிளம்பிவிடுவதால் வாய்க்கு வருவது கொஞ்சம், அறைக்குப் போவது அதிகம். வெனிலா புகையிலையைப் பிடிப்பவரைவிட உடன் உட்கார்ந்திருப்பவருக்கே அது நன்றாக மணக்கும்.

வெந்நீர் ருசிக்குக் காரணம் ஈரம். இந்த வகை டின்கள் நல்ல ஈரமாகவே வருகின்றன. போதாததற்கு ஈரம் காக்க புரொபிலீன் கிளைக்கால் சேர்க்கிறார்கள். இலை எரிவதற்குள் அதிலுள்ள தண்ணீர் ஆவியாக வேண்டும். அந்த ஆவிதான் உங்கள் நாக்கைச் சுடுகிறது, ருசியையும் மூடிவிடுகிறது. அணைந்துவிடுகிறதே என்று வேகமாக இழுத்தால் இன்னும் மோசமாகும்.

கெண்டக்கி | ஆகஸ்ட் 3, காலை 10:30

நீலப்புகை சொன்னதோடு ஒன்று. ஈரத்தை விரலால் பார்க்கும் வழக்கமான சோதனை கிளைக்கால் போட்ட வகைக்குப் பொருந்தாது. சாதாரண புகையிலையில் ஒரு சிட்டிகையை அழுத்தி விட்டால் மெல்லப் பிரிந்து எழ வேண்டும். கட்டியாக நின்றால் ஈரம் அதிகம், நொறுங்கினால் காய்ந்துவிட்டது. 12 முதல் 14 சதவீத ஈரம் என்று சொல்வது ஏறக்குறைய இந்த நிலைதான். கிளைக்கால் இருந்தால் தண்ணீர் போன பிறகும் தொட்டால் பிசுபிசுக்கும். அதைப் பார்த்து மேலும் மேலும் காயப்போட்டு டாப்பிங்கை முழுக்கப் பறக்கவிடுகிறார்கள்.

காயவைக்க 'அரை மணி நேரம்' என்று வெளிநாட்டு விமர்சனத்தில் படித்துவிட்டு சென்னையில் அப்படியே செய்யாதீர்கள். மழைக்காலத்தில் ஜன்னல் திறந்த அறையில் பரப்பினால் இலை காற்றிலிருந்து ஈரம் வாங்கும். ஏசி ஓடும் அறையில் வெள்ளைத் தாளில் மெல்லப் பரப்பி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை கிளறி, தொட்டுப் பாருங்கள். ஃபிளேக்காக இருந்தால் முதலில் உதிர்த்துவிட்டுப் பரப்புங்கள். அடுக்காக வைத்தால் வெளிப்பக்கம் நொறுங்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும்.

நீலப்புகை | ஆகஸ்ட் 3, இரவு 8:50

இப்போது பிடிக்கும் முறை. இது சரியில்லாமல் வாசனை பற்றிப் பேசி லாபமில்லை.

பைப்: பழைய பிரையர் (ஒரு செடியின் வேர்க்கட்டை) பைப் முன்பு பிடித்ததை நினைவில் வைத்திருக்கும். லடாக்கியா பிடித்த பௌலில் வெறும் விர்ஜீனியாவைப் போட்டால், இல்லாத புகைவாசனையை எழுதிவிடுவீர்கள். ருசி பார்க்க மக்காச்சோளத் தண்டு பைப் போதும். மிசௌரி மாநிலத்து வாஷிங்டன் ஊரில் 1869 முதல் செய்துவருகிறார்கள், விலையும் குறைவு. வகைக்கு ஒன்றாக மூன்று வாங்கி வையுங்கள். புதிதில் சோளத்தண்டின் இனிப்பு வாடை கலக்கும், நாலைந்து பௌலில் போய்விடும். களிமண் பைப் இன்னும் சுத்தம், ஆனால் கையில் பிடிக்க முடியாத அளவு சுடும்.

தீ: தீக்குச்சி என்றால் தலையிலுள்ள மருந்து முழுக்க எரிந்து முடியட்டும், பிறகு அருகில் கொண்டுபோங்கள். கேஸ் லைட்டர் பரவாயில்லை. திரி போட்ட பெட்ரோல் லைட்டர் முதல் கால்வாசிக்கும் தன் நெடியை ஏற்றிவிடும்.

முதல் தீ மேற்பரப்பைக் கருக்க மட்டும்தான். இலை உப்பி எழும். டாம்பரால் (இலையை அமுக்கும் சிறு கருவி) லேசாக அமர்த்திவிட்டு இரண்டாம் தீ வையுங்கள். முதல் தீயில் வரும் ருசியைக் குறிப்பில் சேர்க்கவே வேண்டாம், அது எல்லாப் புகையிலைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இழுப்பு: சூடான காப்பியை உறிஞ்சுகிற அளவுக்கு மேல் வேண்டாம். பௌலைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், வைத்திருக்க முடியாவிட்டால் கீழே வைத்துவிடுங்கள்.

மூக்கு வழி: நாக்குக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி மட்டுமே தெரியும். அத்தி, ரொட்டி, எலுமிச்சைத் தோல் எல்லாம் மூக்கின் வேலை. புகையை வாயில் நிறுத்தி, பெரும்பகுதியை வெளியே விட்டுவிடுங்கள். மிச்சம் பத்தில் ஒரு பங்கு இருக்கும்போது வாயை மூடி, விழுங்கப் போகிறவர்போல நாக்கின் பின்பக்கத்தை உயர்த்தி, மெல்ல மூச்சை மூக்கால் விடுங்கள். நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது. முழு வாய்ப் புகையையும் மூக்கில் விட்டால் கண்ணில் தண்ணீர் வரும், அரை மணி நேரத்துக்கு எதுவும் தெரியாது. ஒரு பௌலில் மூன்று நான்கு முறை போதும்.

மழைநாள் | ஆகஸ்ட் 4, காலை 6:20

சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து? கூடவே காப்பி குடிக்கலாமா?

நீலப்புகை | ஆகஸ்ட் 4, காலை 8:00

காரமான சாப்பாடு என்றால் குறைந்தது ஒன்றரை மணி நேரம். வெறும் வயிற்றில் வேண்டாம், நிகோடின் தலையைச் சுற்ற வைக்கும். கூடவே தண்ணீர் மட்டும். பால் போட்ட காப்பி நாக்கில் படிந்துவிடும். பர்லி வகையைப் பிடித்துவிட்டு 'காப்பி, கோகோ' என்று எழுதினால் அது இலையா டம்ளரா என்று பிரிக்கவே முடியாது.

நாளுக்கு ஒரு வகை. இரண்டாவது பௌலில் மூக்கு சோர்ந்திருக்கும்.

கெண்டக்கி | ஆகஸ்ட் 4, மாலை 5:45

இலைக்கு வருவோம். எந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் எதைத் தேடுவது என்பதும் தெரியும்.

விர்ஜீனியா: மூடிய கொட்டகையில் வெளிச்சூட்டால் காயவைப்பது. முதல் ஓரிரு நாள் 35 முதல் 40 டிகிரியில் இலை மஞ்சளாகும், மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். பிறகு படிப்படியாக 70 டிகிரிக்கு மேல் ஏற்றி நரம்புவரை உலர்த்துவார்கள். ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும். இலை சீக்கிரம் செத்துவிடுவதால் சர்க்கரை அப்படியே தங்கும். வெளிர் மஞ்சள் இலையில் வைக்கோல், பச்சைப் புல், எலுமிச்சை. சிவந்த இலையில் ரொட்டி மேலோடு, புளிப்புச் சாயல் கொண்ட உலர்பழம். ஆவியிலோ அழுத்தத்திலோ வைத்துக் கறுக்க வைத்ததில் திராட்சை வற்றல், பாகு. சாமுவேல் கேவித்தின் ஃபுல் விர்ஜீனியா ஃபிளேக் இந்தக் கறுத்த பக்கத்தைத் தெரிந்துகொள்ள நல்ல பாடம்.

பர்லி: நிழலில் 4 முதல் 8 வாரம் தொங்கவிட்டுக் காற்றில் காய்வது. அத்தனை வாரமும் இலை உயிரோடு மூச்சுவிட்டுத் தன் சர்க்கரையைத் தின்றுவிடும். அதனால் இனிப்பு கிடையாது. வறுத்த கடலை, கோகோ, ஈர மரம். இலை பஞ்சுபோல இருப்பதால் கேசிங்கை நன்றாகக் குடிக்கும். பர்லி கலவையில் 'சாக்லேட்' என்று எழுதும்முன் கோகோ கேசிங் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஓரியண்டல்: துருக்கி, கிரீஸ், பல்கேரியா பக்கத்துச் சிற்றிலை, வெயிலில் காய்ந்தது. பசை நிறைந்தது. சாம்பிராணி, காய்ந்த மூலிகை, புளித்த பாலாடை. அந்தப் புளிப்புக்குக் காரணம் இலைப் பசையிலுள்ள சுக்ரோஸ் எஸ்டர்கள்; எரியும்போது அவை சிறு அமிலங்களாக உடைகின்றன. சாக்ஸ் நாற்றம் என்று சிலர் எழுதுவதும் இதே அமிலங்களைத்தான், அளவு கூடினால் அப்படித் தெரியும்.

லடாக்கியா தனி வகை இலை. புகைவாசனை அதிகம்.

நீலப்புகை | ஆகஸ்ட் 4, இரவு 9:10

கடைசி வரியில் ஒரு திருத்தம். லடாக்கியா தனிச் செடி இல்லை. ஓரியண்டல் இலையையே முதலில் வெயிலில் காயவைத்து, பிறகு மூடிய கொட்டகையில் வாரக்கணக்கில் புகைமூட்டினால் லடாக்கியா. பெயர் சிரியாவின் துறைமுகத்தினுடையது, இன்று கடையில் கிடைப்பது சைப்ரஸ் முறையில் செய்தது. சைப்ரஸில் மாஸ்டிக், மிர்ட்டில், பைன் போன்ற பிசின் மணக்கும் செடிகொடிகளைப் போட்டு மூட்டுவார்கள். அதனால்தான் வெறும் விறகுப் புகையோடு நிற்காமல் பதனிட்ட தோல், கற்பூரம், பிசின் என்று விரிகிறது. பழைய சிரிய லடாக்கியா இதைவிட உலர்ந்த, ஒயின் சாயல் கொண்ட புளிப்பு உடையது என்பது பிடித்தவர்கள் பலரும் ஒத்துக்கொண்ட குறிப்பு.

விறகின் லிக்னின் உடையும்போது வரும் குவாயக்கால், கிரெசால் போன்ற ஃபீனால்கள் இலையில் படிகின்றன. கரி மூட்டிச் சுட்ட கறி, புகைபோட்ட மீன், கிருமிநாசினி எல்லாம் நினைவுக்கு வருவது இவற்றால்தான். 'தார் போட்ட கயிறு' என்று ஒருவரும் 'ஆஸ்பத்திரி வாடை' என்று இன்னொருவரும் எழுதினால் இருவரும் சரி, ஒரே குடும்பத்து மூலக்கூறுகள்.

மழைநாள் | ஆகஸ்ட் 5, காலை 7:40

வேதாரண்யம் பக்கம் மெல்லும் புகையிலைக்கும் புகைமூட்டுவார்களே, யாழ்ப்பாணத்திலும் உண்டு. அதுவும் லடாக்கியா மாதிரிதானா?

கெண்டக்கி | ஆகஸ்ட் 5, மதியம் 1:10

லடாக்கியா திருத்தம் சரி. நான் எழுதியது இலை வகை என்று பொருள்படும்படி நின்றுவிட்டது.

மழைநாள் கேட்டதற்கு: முறை உறவு உண்டு, வாசனை உறவு குறைவு. நம் ஊர் மெல்லும் புகையிலை பெரிய, தடித்த, காரமான இலை. அது வாயில் அடக்கிக்கொள்ள. புகைத்தால் தொண்டையைக் கமறும். வாசனை அளவில் அதற்கு நெருங்கியது அமெரிக்காவில் கெண்டக்கி, டென்னசி பக்கத்து தீமூட்டிய கறுப்பு இலை. அங்கே கொட்டகைத் தரையில் கடினமரத்தைக் கனலவிட்டுப் புகை ஏற்றுவார்கள். பிசின்செடி எதுவும் இல்லை, அதனால் கற்பூரம் இல்லாமல் கரி, வினிகர், மண் என்று நிற்கும். திண்டுக்கல் இலையும் திருச்சிச் சுருட்டும் வேறு வழி. அதைப் பைப் கலவைச் சொற்களால் அளக்காமல் சுருட்டு இலைக் கணக்கில் வைத்துப் பேசுவதே பொருத்தம்.

நீலப்புகை | ஆகஸ்ட் 5, இரவு 10:20

சாம்பல்தட்டு கேட்ட அத்திப்பழத்துக்கு வருகிறேன். அது பெரிக்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் செய்யப்படுவது. காய்ந்த இலையின் நடுநரம்பை எடுத்து, சிறு கட்டுகளாக முறுக்கி, பழைய விஸ்கி பீப்பாயில் அடுக்கி, மேலே பலகை வைத்துத் திருகு ஜாக்கியால் இறுக்குவார்கள். இலையின் சாறே கசிந்து மேலே நிற்கும். காற்றுப் புகாமல் அந்தச் சாற்றிலேயே புளிக்கும். நடுநடுவே பீப்பாயைத் திறந்து, கட்டுகளை உதறிக் காற்றாட விட்டு, மறுபடி இறுக்குவார்கள். ஏறக்குறைய ஒரு வருட வேலை. அங்கே விளையும் இலை குறைவு என்பதால் வெளியே விளைந்த இலையையும் அதே முறையில் பீப்பாயில் போட்டுச் சேர்ப்பதுண்டு.

ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் வேலை செய்த இடத்தில் அமிலங்களும் பழ வாசனை எஸ்டர்களும் வராமல் எப்படி இருக்கும்? அத்தி, பிளம், ஊறுகாய்ப் புளிப்பு, அளவு கூடினால் மாட்டுக்கொட்டில். இது போக, புகையிலை இலையின் மஞ்சள் நிறமிகள் உடையும்போது பீட்டா டமாசினோன் என்ற பொருள் உண்டாகிறது. வேகவைத்த ஆப்பிள், பிளம், ரோஜா, தேன் என்று மணக்கும் பொருள் அது. மிகமிகச் சிறு அளவிலேயே மூக்குக்குத் தெரியும். ரோஜா எண்ணெயிலும் இதே மூலக்கூறு இருக்கிறது. ஆகவே புகையிலையில் பழம் என்று எழுதுபவர் உண்மையில் இருப்பதைத்தான் முகர்ந்திருக்கிறார்.

உங்கள் விர்ஜீனியா–பெரிக் ஃபிளேக் போன்றவற்றில் பொதுவாக பெரிக்கின் பங்கு விர்ஜீனியாவைவிடக் குறைவு. டின்னில் அத்தி நன்றாகத் தெரியும். புகையில் முதல் மூன்றில் ஒரு பங்கு விர்ஜீனியா இனிப்புதான் முன்னால் நிற்கும். நடுவில்தான் மூக்கு வழியாக விடும்போது பிளம்மும் மிளகும் சேர்ந்து வரும். எஸ்குடோ போன்ற வட்டச் சுருள் வெட்டில் ஒரு சுருளை அப்படியே மடித்துத் திணித்தால் இந்த மாற்றம் மெதுவாக நடக்கும், உதிர்த்துப் போட்டால் முதலிலிருந்தே கலந்து வரும். வெட்டை எப்படிப் போட்டீர்கள் என்பதும் குறிப்பில் இருக்க வேண்டும்.

சாம்பல்தட்டு | ஆகஸ்ட் 9, இரவு 9:30

காயவைத்து, மெதுவாக இழுத்துப் பார்த்தேன். வெந்நீர் போய்விட்டது. பெரிக் ஃபிளேக்கில் நடுவில் மிளகு தெரிகிறது. ஆனால் அது மிளகா, சூடா என்று எனக்கே சந்தேகம். இன்னொன்று: ஒரு சிவப்பு விர்ஜீனியா டின் புதிதாகத் திறந்தேன், தக்காளி கெட்சப் வாடை. கெட்டுவிட்டதா?

நீலப்புகை | ஆகஸ்ட் 9, இரவு 11:00

கெட்சப் கெட்டதற்கு அடையாளம் இல்லை. அது அசிட்டிக் அமிலம், வினிகர். மூடிய டின்னில் சிவப்பு விர்ஜீனியாவோடு சேர்ந்து அப்படி மணக்கும். 2018-ல் மூடப்பட்ட கான்சஸ் சிட்டியின் மெக்லெல்லண்ட் டின்கள் இந்த வாடைக்கே பெயர் பெற்றவை. 20 நிமிடம் காற்றாட விட்டால் பெரும்பாலும் போய்விடும், புகையில் அநேகமாகத் தெரியாது. டின் வாசனையை இரண்டு முறை எழுதச் சொல்வது இதற்காகத்தான்: திறந்த உடனே ஒன்று, 20 நிமிடம் கழித்து ஒன்று.

கெட்டது என்றால் ஈரக் கோணி, பழைய அலமாரி என்று பூஞ்சை வாடை அடிக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். பஞ்சுபோல் நார்நாராக இருந்தால் பூசணம், டின்னோடு தூக்கிப் போடுங்கள், 'மேலே மட்டும் எடுத்துவிட்டு' வேலைக்கு ஆகாது. மினுக்கும் சிறு படிகங்கள் என்றால் பயமில்லை. அம்மோனியா நெடி அடித்தால் இலை சரியாகப் பதப்படவில்லை, சில நாள் திறந்து வைத்துப் பாருங்கள்.

மிளகா சூடா என்பது நல்ல கேள்வி. வாசனை நரம்பு வேறு, எரிச்சலைச் சொல்லும் நரம்பு வேறு. மிளகு, புதினாக் குளிர்ச்சி, வெங்காயக் கண்ணீர் எல்லாம் இரண்டாவது நரம்பின் வேலை. சூடான புகையும் அதே நரம்பைத்தான் தட்டும். பிரிக்க ஒரு வழி: பௌலை அப்படியே அணையவிட்டு 10 நிமிடம் வையுங்கள். ஆறிய பிறகு மறுபடி பற்றவைத்து, மூன்றாவது நான்காவது மெல்லிய இழுப்பில் மூக்கு வழியாக விடுங்கள். மிளகு அப்போதும் மூக்கின் மேல்பகுதியில் நின்றால் இலையினுடையது. காணாமல் போனால் முன்பு நீங்கள் எழுத இருந்தது சூடு.

கெண்டக்கி | ஆகஸ்ட் 10, காலை 9:15

இதோடு சேர்த்து, கலவையின் குணம் என்று எழுதப்படும் எரிப்புக் குறைகள் சில:

காந்தல் வாடை வந்தால் வேகமாக இழுக்கிறீர்கள், அல்லது பௌல் சுவரே கருகுகிறது. புதுப் பிரையரில் இது அடிக்கடி நடக்கும்.

கடைசி கால்வாசியில் கசப்பும் காரலும் வந்தால் அடியில் தங்கிய ஈரம். நடுவில் ஒருமுறை பைப் க்ளீனரைத் தண்டு வழியாக விட்டு உறிஞ்சிவிடுங்கள். அதன் பிறகும் கசந்தால்தான் இலையைச் சொல்லலாம்.

நாக்குக் கடி இரண்டு வகை. நுனியில் சுட்டது போலிருந்தால் ஆவி. நாக்கு முழுக்கச் சுண்ணாம்பு கூடிய வெற்றிலை போட்டதுபோல் பொத்துப்போனால் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரானது, மிளகாய்க் காரம் இல்லை). பர்லியில் அமிலத்தை உண்டாக்கும் சர்க்கரை இல்லாததால் அதன் புகை காரப் பக்கம் சாயும். நிகோடினும் அப்போது வாய்த்தோல் வழியாக வேகமாக ஏறும். விர்ஜீனியாவின் புகை அமிலப் பக்கம். அதில் கடி வந்தால் முதலில் ஈரத்தையும் வேகத்தையும் சந்தேகியுங்கள்.

சோப்பு வாடை வந்தால், முன்பு அந்தப் பைப்பில் யாராவது லேக்லண்ட் வகை பிடித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இங்கிலாந்தின் கெண்டல் ஊர்த் தயாரிப்புகளில் டோங்கா விதை, ரோஜா, ஜெரேனியம் சாயல் கொண்ட வாசனை உண்டு. பௌலை விட்டுப் போகவே போகாது. உப்பும் ஆல்கஹாலும் ஊற்றி ஒரு இரவு வைத்தாலும் ஒரு சாயல் நிற்கும். அதற்கென்று ஒரு பைப்பை ஒதுக்கிவிடுவதே வழி.

மழைநாள் | ஆகஸ்ட் 10, இரவு 8:25

எல்லாம் சரி. ஆனால் அத்தி என்று விமர்சனத்தில் படித்த பிறகு முகர்ந்தால் அத்தியாகத்தான் தெரியும். சாம்பல்தட்டு சொன்ன கற்பனை அங்கேதானே இருக்கிறது?

நீலப்புகை | ஆகஸ்ட் 11, காலை 6:50

இருக்கிறது. ஆகஸ்ட் 5-ல் நான் எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள். அந்தப் பொருள் இலையில் இருப்பது ஒன்று, இன்றைய பௌலில் உங்கள் மூக்கு அதைப் பிடித்ததா என்பது வேறொன்று. இரண்டாவதைச் சோதிக்க முக்கோணச் சோதனை செய்யலாம், உணவு ஆய்வுக்கூடங்களில் செய்வதுதான்.

ஒரே மாதிரி மூன்று சிறு கிண்ணங்கள். இரண்டில் ஒரு புகையிலை, ஒன்றில் மற்றது. விர்ஜீனியா மட்டும் இருப்பதையும் விர்ஜீனியா–பெரிக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே ஈரத்துக்குக் காயவைத்து, ஒரே அளவாக உதிர்த்து, நிறம் தெரியாமல் மெல்லிய துணியால் மூடி, வேறொருவரை இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். எது தனி என்று மூக்கால் மட்டும் சொல்ல வேண்டும். ஆறு சுற்று, ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு நிமிட இடைவெளி. குருட்டாம்போக்கில் சொன்னால் ஆறில் ஐந்தோ ஆறோ சரியாக வர வாய்ப்பு 729-ல் 13, அதாவது நூற்றில் இரண்டுக்கும் குறைவு. ஐந்து சரியென்றால் வித்தியாசம் உங்கள் மூக்குக்குத் தெரிகிறது என்று நம்பலாம். நான்கு போதாது, அது பத்தில் ஒரு தடவை சும்மாவே வரும்.

வித்தியாசம் தெரிந்த பிறகு பெயர் வைக்க ஒப்பீட்டுப் பொருள்கள் வேண்டும். மூடி போட்ட சிறு பாட்டில்களில் வைக்கோல், திராட்சை வற்றல், உலர்ந்த அத்தி, புளி, கருப்பட்டி, வறுத்த நிலக்கடலை, சர்க்கரை சேராத கோகோ, பஞ்சில் ஒரு சொட்டு வினிகர், சாம்பிராணி, கற்பூரம், மிளகு. கற்பூரத்தைத் தனி டப்பாவில் வையுங்கள், மற்றதிலெல்லாம் ஏறிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றுங்கள். புகையிலையை முகர்ந்து, பாட்டிலை முகர்ந்து, மறுபடி புகையிலை. 'பழம்' என்று எழுத இருந்தவர் 'புளிக்கும் அத்திக்கும் நடுவில், அத்திப் பக்கம்' என்று எழுதுவார். வாங்குபவருக்கு உதவுவது அந்த அளவு நெருக்கமான குறிப்புதான்.

விமர்சனங்களைக் குறிப்பு எழுதிய பிறகு படியுங்கள்.

சாம்பல்தட்டு | ஆகஸ்ட் 17, இரவு 10:05

முக்கோணச் சோதனையில் ஆறில் ஐந்து. இலையில் ஏதோ இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். அத்தி என்று சொல்ல இன்னும் தயக்கம், புளிக்குத்தான் கிட்டே வருகிறது. வெனிலா மட்டும் காயவைத்த பிறகும் வாயில் இல்லை, ஆனால் வீட்டில் இருப்பவர்கள் மணக்கிறது என்கிறார்கள்.

நீலப்புகை | ஆகஸ்ட் 18, காலை 7:30

புளி என்றே எழுதுங்கள். அத்தி என்று திருத்த வேண்டிய அவசியமில்லை, அந்த அமிலப் பக்கம் பெரிக்கில் உண்டு.

வெனிலா: தொடர்ந்து ஒரே வாசனையில் இருந்தால் மூக்கு சில நிமிடங்களில் அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். பாதி பௌலில் பைப்பைக் கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளிக்காற்றில் நின்று திரும்பி வாருங்கள். வாசலில் முதல் மூச்சில் என்ன தெரிகிறதோ அதுதான் அறை வாசம். பிடித்து முடித்து அரை மணி கழித்து இன்னொரு தடவை அதே போல வந்து பாருங்கள். சூடான வெனிலா போய், அடியிலிருந்த சாம்பல் வாடை மட்டும் தங்கியிருந்தால் அதையும் எழுத வேண்டும். வீட்டில் பிடிக்கலாமா என்று யோசிப்பவருக்கு அந்த வரிதான் முக்கியம்.

உங்கள் பெரிக் ஃபிளேக்குக்கு நீங்கள் இதுவரை சொன்னதையெல்லாம் சேர்த்தால் குறிப்பு இப்படி வரும். கோடிட்ட இடங்களை நிரப்பி இங்கே போடுங்கள்:

'விர்ஜீனியா–பெரிக், ஃபிளேக், முழுக்க உதிர்த்தது. ஏசி அறையில் ____ நிமிடம் காயவைத்தது. சோளத்தண்டு பைப், இதற்கு முன் ____ பிடித்தது. டின் திறந்ததும்: ____. 20 நிமிடம் கழித்து: புளி, ____. முதல் பகுதி: இனிப்பு, ____. நடு: மிளகு, மூக்கு வழியில் மட்டும், ஆறவிட்டுப் பற்றவைத்த பிறகு ____. கடைசி: ____, க்ளீனர் விட்ட பிறகு ____. அறையில் அரை மணி கழித்து: ____.'

கெண்டக்கி | ஆகஸ்ட் 18, மாலை 6:40

டின் அடியிலுள்ள தேதியையும் ஒரு கோட்டில் சேருங்கள். விர்ஜீனியா மூடிய டின்னில் வருடக்கணக்கில் மாறிக்கொண்டே இருக்கும்: புல்வாடை அடங்கி உலர்பழம் கூடும். லடாக்கியா நேர்மாறு, வருடம் ஆக ஆகப் புகைநெடி மங்கி ஓரியண்டல் முன்னால் வரும். டன்ஹில் பெயரிலான பைப் புகையிலை 2018-ல் நின்று 2019-ல் நைட்கேப், ஏர்லி மார்னிங் பைப் போன்ற கலவைகள் எல்லாம் பீட்டர்சன் பெயரில் வந்தபோது 'ருசியே மாறிவிட்டது' என்று பலர் எழுதினார்கள். பத்து வருடம் கிடந்த பழைய டின்னையும் புதுசையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் மாறித்தான் தெரியும், அதில் எவ்வளவு பங்கு தயாரிப்பினுடையது, எவ்வளவு வயதினுடையது என்று அந்த ஒப்பீட்டால் சொல்ல முடியாது. ஒரே வருடத்து டின்களாக இருக்க வேண்டும்.

சாம்பல்தட்டு | ஆகஸ்ட் 18, இரவு 9:55

டின் தேதி போன வருடம். லடாக்கியா மிக்ஸ்சருக்குத் தனியாக இரண்டாவது சோளத்தண்டு பைப் வாங்கிவிட்டு அதற்கும் இதே கோடுகளை நிரப்பிப் போடுகிறேன். கற்பூரப் பாட்டிலைத் தனியாக வைக்கச் சொன்னது தாமதமாகத்தான் கண்ணில் பட்டது, கோகோவை மாற்ற வேண்டும்.